கல்லைத் தூக்காத நாள்

பூவராகனுக்கு வயது அறுபது. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம்தானே கேட்க முடியும்?

குருவின் பெயர் செல்சியா. தூத்துக்குடிக்காரர். கொளத்தூரில் வண்ண மீன் விற்கிற தெருவில், ஒரு மாடியில், கடல் மீன் மட்டும் வைத்துக் கடை நடத்துகிறார். முன்பு கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர் என்பதால், வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அவர் டீச்சர். பேச்சு கம்மி. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற கடைக்காரர்கள் நிறைந்த தெரு அது. அங்கே ஒன்பது கேட்டால் ஒன்று சொல்கிற ஆள் இவர் ஒருவர்தான்.

அந்த ஒன்றுக்காகத்தான் பூவராகன் செவ்வாய்க்கிழமை மதியம் பத்தொன்பது படி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"மீனும் இறாலும் ஏன் இன்னும் சேரல?"

ஐந்து வாரத்துக்கு முன்னால் இதே கடையிலிருந்துதான் அவர் ஒரு மஞ்சள் மீனையும் ஒரு இறாலையும் கொண்டுபோனார். மீனைக் கடைக்காரர்கள் வாட்ச்மேன் என்பார்கள். டீச்சர் தன் ஊர் வழக்கப்படி உளுவை என்பார். இறாலுக்குப் பெயர் பிஸ்டல் இறால். அதற்குக் கண் சரியாகத் தெரியாது. கடலில் இந்த இரண்டும் ஒரே வளைக்குள் குடித்தனம் நடத்தும். இறால் மண்ணைத் தோண்டும், உளுவை வாசலில் காவல் இருக்கும். பூவராகன் வீட்டுத் தொட்டியில் மட்டும் ஆளுக்கொரு மூலை.

"மீன் மோட்டாருக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குது டீச்சர். இறால் இருக்கா செத்துச்சான்னே தெரியல."

"தொட்டிக்குள்ள கை விட்டீங்களா?"

"சேச்சே."

டீச்சர் அவரையே பார்த்தார்.

"கல்லை ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன். உயிரோட இருக்கான்னு பார்க்கத்தான்."

"ஒரு தடவையா?"

"ஒரு தடவைதான்." கொஞ்சம் பொறுத்து, "ஒரு நாளைக்கு," என்றார்.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனுஷனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கொண்டுபோன அன்றைக்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், இருபத்தோரு நாள் கையை விடாதீங்க, கல்லுக்கு அடியிலதான் அது வளை தோண்டும், தூக்கினா வளை இடிஞ்சிடும் என்று. பூவராகனும் தலையைத் தலையை ஆட்டினார். ஆனால் பாருங்கள், முப்பத்தொரு வருஷம் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசராக இருந்த கை அது. எதையும் திறந்து பார்க்காமல், தட்டிப் பார்க்காமல், சரிபார்க்காமல் விடாது. அவர் வேலை பார்த்த காலத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பெரிதாக அடி பட்டது. வலது கையில் மூன்று விரல் போயிற்று. அந்த ஆளின் முகத்தைப் பூவராகன் இன்றுவரை மறக்கவில்லை.

"வீட்டுல அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் டீச்சர்.

அதுவரைக்கும் தாங்கிய குரல் அப்போதுதான் உடைந்தது.

"அவ என்னை விட்டுப் போறா டீச்சர்."

அம்மா என்பது அவர் மனைவி அம்சவேணி. கண் நரம்பில் கோளாறு. ரெண்டு வருஷமாகப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, இப்போது எது வெளிச்சம், எது நிழல் என்பது மட்டும்தான் தெரியும். போன வருஷம் இதே மாடிக்குத் தானே படி எண்ணி ஏறி வந்தவள்தான். கண் தெரியாத இறாலும் காவல் மீனும் ஒன்றாக இருக்கும் என்று டீச்சர் சொன்னதும், "இதுங்களையே வாங்கலாங்க" என்று அவள்தான் கேட்டாள். தொட்டி வைத்து, உப்புத் தண்ணீர் பக்குவமாகி, மீனும் இறாலும் வீட்டுக்கு வருவதற்குள் அவள் கண் போய்விட்டது. நாலு மாசத்துக்கு முன்னால் சமையலறை வாசற்படி தடுக்கி விழுந்து முழங்காலில் ஆறு தையல். அன்றைக்கே பூவராகன் வீட்டைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

"என்ன குறை வெச்சேன், நீங்களே சொல்லுங்க. மேசை மூலைக்கெல்லாம் ரப்பர் ஒட்டினேன். கத்தியை அலமாரியில பூட்டினேன். அடுப்புப் பக்கமே அவ போகக் கூடாதுன்னு நானே சமைக்கறேன். பாத்ரூம் வரைக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். காபியைக்கூட ஆத்தி, பிளாஸ்டிக் டம்ளர்ல பாதிதான் குடுக்கறேன், கொட்டிடக் கூடாதுன்னு."

"ம்."

"ஆறு நாளா அவளா ஒரு வார்த்தை பேசல. கேட்டா, ஞாயித்துக்கிழமை விருத்தாசலத்துல இருந்து தங்கச்சி கஸ்தூரி வர்றா, நான் அவளோட போயிடறேங்கறா. எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். திரும்பி வர்ற நாளைச் சொல்லல டீச்சர். முப்பத்தாறு வருஷம் ஆச்சு கல்யாணமாகி. பெட்டியை எடுத்து வெளியில வெச்சுட்டா."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கடைசித் தொட்டிக்கு எதிரே போட்டார்.

"உக்காருங்க சார்."

"இல்ல, நான் கேட்டது—"

"உக்காருங்க."

உட்கார்ந்தார். தொட்டிக்குள் மணல், ஒரு கல், கல்லுக்கடியில் ஒரு வளை. வளை வாசலில் ஒரு உளுவை உடம்பைக் கீழே வைத்து, தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இறால் வந்தது. முன்னால் இருக்கிற ரெண்டு கொடுக்காலும் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே கொட்டியது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது.

கால் மணி நேரம் போனது. டீச்சர் வேறு வாடிக்கையாளரைக் கவனித்துவிட்டு வந்தார்.

"என்ன பார்த்தீங்க?"

"மீன் இறாலைப் பிடிச்சு வெச்சுப் பார்த்துக்குது."

"பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூவராகன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்த முறை தொட்டிக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். இறால் வெளியே வரும்போதெல்லாம் அதன் நீள மீசை ஒன்று மீனின் உடம்பில் பட்டுக்கொண்டே இருந்தது. மீன் அதைத் தொடவில்லை. தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. யாரோ தொட்டிக்கு முன்னால் நடந்து போனார்கள். மீன் வாலை மட்டும் ஒரு வெட்டு வெட்டியது. இறால் சட்டென்று உள்ளே போய்விட்டது. ஆள் போனதும் திரும்ப மணலோடு வந்து, மீசையை மீன் மேல் வைத்தது.

டீச்சர் வந்தார்.

"யாரு யாரைப் பிடிச்சிருக்காங்க சார்?"

"இறால்தான் மீனைப் பிடிச்சிருக்கு," என்றார் பூவராகன். அப்புறம் கொஞ்சம் கோபமாகவே, "கண் தெரியாதது மாங்கு மாங்குன்னு மண்ணைச் சுமக்குது. இந்த மீன் ஒரு மணலை அள்ளிப் போடலையே டீச்சர்! என்னதான் பண்ணுது அது?" என்றார்.

"நிக்குது."

"அவ்வளவுதானா?"

"அதைப் பண்ணிப் பாருங்க, எவ்வளவுன்னு தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் தண்ணி பார்க்க வீட்டுக்கு வர்றேன். அது வரைக்கும் கல்லைத் தூக்காதீங்க."

*

நாலு நாள். கேட்பதற்குச் சின்னது. பூவராகனுக்கு அது நாலு யுகம்.

புதன்கிழமை காலையில் எழுந்ததும் கை தானாகத் தொட்டி மூடிக்குப் போனது. இழுத்துக்கொண்டார். கையை அக்குளில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். அம்சவேணி எதிரே ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். நாலு மாசமாக அவள் இடம் அதுதான். பூவராகன் கண்டுபிடித்த பத்திரமான இடம். பக்கத்தில் இடிக்க ஒன்றுமில்லை, தடுக்க ஒன்றுமில்லை, செய்யவும் ஒன்றுமில்லை.

மத்தியானம் ரசம் வைத்தார். அவர் வைக்கிற ரசத்தில் உப்பு, புளி, காரம் எல்லாமே ஒரு படி குறைவு. எல்லாம் சேஃப்டிதான். அவள் பேசாமல் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அது நடந்தது. பூவராகன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விடுகிற சத்தம் எப்படியிருக்குமோ அதேதான். அவ்வளவுதான், மனுஷன் பதறிப்போனார். நூற்றைம்பது லிட்டர் உப்புத் தண்ணீர், பக்கத்திலேயே பிளக் பாயிண்ட், எதிரே கண் தெரியாத மனைவி. ஓடிப்போய் மெயினை அணைத்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து தொட்டியின் நாலு பக்கமும் தடவினார்.

"கண்ணாடி இல்ல," என்றாள் அம்சவேணி.

எட்டு நாளில் அவளாகப் பேசிய முதல் வார்த்தை. பூவராகன் அப்படியே நின்றுவிட்டார்.

"இறால்தான் அது. கொடுக்கைச் சொடுக்குது. இடது மூலையில இருக்கு."

"இறாலா? உயிரோட இருக்கா?"

"தினமும்தான் சொடுக்குது, இன்னைக்குக் கொஞ்சம் பலமா. முதல்ல வலது பக்கம் இருந்துச்சு. நீங்க கல்லைத் தூக்குவீங்க, மறுநாள் சத்தம் நடுவுல வரும். மறுபடி தூக்குவீங்க, இடது பக்கம் போயிடும். ரெண்டு நாளா ஒரே இடத்துலதான் இருக்கு. ஏன், கல்லைத் தூக்கலையா?"

"தூக்கல." அவர் டார்ச்சை அணைத்தார். "உனக்கு இது அஞ்சு வாரமாத் தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வேணி."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பூவராகன் டார்ச்சைக் கீழே வைத்தார்.

"நாள் பூரா இந்த நாற்காலியில உக்கார வெச்சிருக்கீங்க," என்றாள். "இதைக் கேக்காம வேற என்ன வேலை எனக்கு?"

பூவராகன் திரும்பப் பாத்திரம் கழுவப் போனார். மெயினைப் போட மறந்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து மோட்டார் ஓடாததை அவள்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவள் பெட்டி அடுக்கினாள். பூவராகன் அறை வாசல் வரைக்கும் போனார். உள்ளே போய்ப் புடவையை மடித்துக் கொடுக்கலாம் என்று கால் பரபரத்தது. போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் விரல்கள் ஒவ்வொரு புடவையின் கரையையும் தடவி, எது எது என்று பிரித்தன. மடிப்பு கத்தி மாதிரி விழுந்தது. காலையில் போடுகிற சொட்டு மருந்துப் புட்டிக்கு ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரிப் புட்டிக்கு ரெண்டு ரப்பர் பேண்ட். இதை அவள் எப்போது செய்தாள் என்று அவருக்குத் தெரியாது. நாலு மாசமாக மருந்தை அவர்தானே போட்டுவிடுகிறார்! அவர் வருகிறவரைக்கும் அவள் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். பூவராகனுக்கு வெட்கமாக இருந்தது.

"யாரு, நீங்களா?" என்றாள். "என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல. சும்மா நிக்கறேன்."

"அதிசயம்தான்," என்றாள் அம்சவேணி.

*

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு டீச்சர் வந்தார். பையிலிருந்து சின்னச் சின்னக் குப்பிகளை எடுத்து, தொட்டித் தண்ணீரில் மருந்து விட்டுக் குலுக்கிப் பார்த்தார். தண்ணீர் சரியாக இருந்தது. உளுவை இன்னும் மோட்டார் பக்கம்தான் இருந்தது. இடது மூலையில் கல்லுக்கடியில் ஒரு புது வளை. வாசலில் மணல் குவிந்திருந்தது.

பெட்டி கூடத்துச் சுவரோரம் தயாராக நின்றது. கஸ்தூரி மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

"டீச்சர், காபி போடட்டுமா?" என்றாள் அம்சவேணி நாற்காலியிலிருந்து.

பூவராகன் துள்ளி எழுந்தார். "நீ இரு, நீ இரு. நான் போடறேன்."

"போடுங்கம்மா," என்றார் டீச்சர்.

"டீச்சர், அவளுக்கு—"

"எனக்குச் சர்க்கரை கம்மியா."

அம்சவேணி எழுந்தாள். சுவரை ஒரு விரலால் உரசிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். வாசற்படி வந்ததும் கால் தானாக உயர்ந்தது. ஆறு தையல் போட்ட இடத்தை அந்தக் கால் மறந்திருக்கவில்லை.

"அடுப்பு கொளுத்தற லைட்டர் எங்கே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

லைட்டர் அலமாரியின் உச்சித் தட்டில், பூட்டுக்குள் இருந்தது. கத்தியோடு கத்தியாக. பூவராகன் சாவியை எடுத்துத் திறந்தார். லைட்டரை அவள் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"வந்து உக்காருங்க சார்," என்றார் டீச்சர்.

வந்து உட்கார்ந்தார். தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, நாற்காலி நுனியில். ஸ்டவ் பற்றுகிற சத்தம். பாத்திரம் வைக்கிற சத்தம். தண்ணீர். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விபத்து அவர் கண்ணில் ஓடியது. முந்தானையில் தீ. முழங்கையில் கொதிக்கிற பால். தரையில் ரத்தம்.

'டணார்' என்று ஏதோ விழுந்தது.

பூவராகன் எழுந்துவிட்டார்.

"கல்லைத் தூக்காதீங்க சார்," என்றார் டீச்சர்.

பாதி எழுந்தவர் பாதியிலேயே நின்றார். உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. உள்ளே சத்தமே இல்லை. அந்த அமைதி இருக்கிறதே, அதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு வாழ்க்கையில் யாரும் கொடுத்ததில்லை. ஒன்று, ரெண்டு என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். ஏழு வரைக்கும் வந்தார்.

"மூடிதான் விழுந்துச்சு," என்றது அம்சவேணியின் குரல். "யாரும் ஓடி வர வேண்டாம்."

அவர் மூச்சு விட்டார்.

"ஆனா ஒருத்தர் வந்து வாசப்படியில நின்னா நல்லாருக்கும். சர்க்கரை டப்பாவை எங்க மாத்தி வெச்சிருக்கீங்கன்னு தெரியல."

பூவராகன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூவராகன் போய்ச் சமையலறை வாசற்படியில் நின்றார். படிக்கு இந்தப் பக்கம்.

"இடது கைப் பக்கம். ரெண்டாவது தட்டு. இன்னும் கொஞ்சம் உள்ளே."

கை போய் டப்பாவைப் பிடித்தது.

"டம்ளர்?"

"பிளாஸ்டிக் டம்ளர் மேடையிலேயே—"

"எவர்சில்வர் டம்ளர் எங்கேன்னு கேட்டேன்."

"அதுக்குக் கீழ்த் தட்டு."

பால் பொங்கி வருகிற சத்தம் அவருக்குக் கேட்கவேயில்லை. அவளுக்குக் கேட்டது. பாத்திர விளிம்பைத் தாண்டுவதற்கு முன்னால் அடுப்பைச் சின்னதாக்கினாள். சின்னதாக்கிவிட்டுக் கையை எடுக்கும்போது சுண்டுவிரல் பாத்திரத்தில் பட்டுவிட்டது.

"ஸ்ஸ்..."

பூவராகனின் கால் ஒன்று படியைத் தாண்டிவிட்டது. நிலையை இறுக்கிப் பிடித்தார். பிடித்த பிடியில் நகம் வெளுத்தது.

"உன் வலது பக்கம்," என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "ரெண்டு எட்டு வெச்சா குழாய்."

அவள் ரெண்டு எட்டு வைத்தாள். குழாயைத் திறந்து விரலை நீட்டினாள்.

"சுட்டுடுச்சா வேணி?"

"சுட்டுச்சு. அடுப்புன்னா சுடத்தானே செய்யும்?" அவள் குரலில் வலி இருந்த மாதிரித் தெரியவில்லை. சந்தோஷம் இருந்த மாதிரி இருந்தது. "போய் உங்க போர்டுல பூஜ்யம்னு எழுதுங்க."

"எந்த போர்டு?"

"தினமும் காலையில சாக்பீஸ் கிறீச்சுங்குதே, அந்த போர்டு."

பூவராகனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. தொழிற்சாலை வாசலில் இருந்த மாதிரியே, ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டி வைத்திருந்தார். விபத்து இல்லாத நாட்கள்: நூற்று இருபத்தாறு. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

"விழாத நாளைக் கரெக்டா எழுதினீங்க," என்றாள் அம்சவேணி, விரலைத் தண்ணீரில் காட்டிக்கொண்டே. "நான் சிரிக்காத நாளை எங்கயாவது எழுதி வெச்சீங்களா?"

அவர் அழுதுவிட்டார். சத்தம் வராமல்தான் அழுதார். அவளுக்குக் கேட்டுவிட்டது.

"சரி, சரி. டிகாக்ஷன் ஆறுது," என்றாள்.

நாலு மாசத்துக்கப்புறம் அந்த வீட்டில் காபி காபியாக இருந்தது. எவர்சில்வர் டம்ளரில், நுரையோடு, கை பொறுக்காத சூட்டில். டீச்சர் ரெண்டு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்கும்மா," என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வார்த்தை வருவதே பெரிது.

பூவராகன் அப்போதுதான் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

இடது மூலை வளை வாசலில் உளுவை கிடந்தது. மஞ்சள் உடம்பு மணலில் பட்டும் படாமலும் இருக்க, தலையைத் தூக்கிக்கொண்டு. உள்ளேயிருந்து இறால் மணலைத் தள்ளிக்கொண்டு வந்தது. வந்து கொட்டியது. அதன் மீசை மீன் மேல் இருந்தது.

"டீச்சர்! எப்போ? எப்போ சேர்ந்துச்சு?"

"நீங்க சமையலறை வாசல்ல நின்னப்போ."

"ஐயையோ! அஞ்சு வாரமா காத்துக்கிட்டிருந்தேனே. கூப்பிடக் கூடாதா?"

டீச்சர் காபியைக் குடித்தார்.

"என்னாச்சு?" என்றாள் அம்சவேணி. பூவராகன் சொன்னார். மீன் எங்கே இருக்கிறது, இறால் எப்படி வருகிறது, மீசை எங்கே படுகிறது, எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள். நடுநடுவே கேள்வி கேட்டாள். சொல்லி முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குக் கஸ்தூரி வர்றா," என்றாள்.

"ஆமா," என்றார் பூவராகன்.

"வரட்டும். ஒரு பத்து நாள் நம்ம வீட்டுல இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பெட்டியை—"

"நான் பிரிச்சு அடுக்கிடறேன்!"

"நானே பிரிப்பேன்."

"சரி," என்றார் பூவராகன். "சரி, சரி. நீயே பிரி."

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அம்சவேணியும் எழுந்தாள்.

"டீச்சரைக் கீழ தெரு வரைக்கும் போய் அனுப்பிட்டு வர்றேன்."

ரெண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முப்பத்திநாலு படி, நடுவில் ரெண்டு திருப்பம். நாலு மாசமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் இறங்கியதில்லை. அப்போதெல்லாம் அவர் பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைத் திருடனைப் பிடித்த மாதிரிப் பிடித்து இறக்குவார்.

இப்போதும் பழக்கதோஷத்தில் அவர் கை அவள் மணிக்கட்டுக்குப் போனது. அவள் கையை மெல்ல விலக்கிக்கொண்டாள். காற்றில் தேடி அவருடைய முழங்கையைக் கண்டுபிடித்தாள். அதன் மேல் ரெண்டு விரல் வைத்தாள்.

"நீங்க முன்னாடி போங்க. நான் பிடிச்சுக்கறேன்."

பூவராகன் படிகளைப் பார்த்தார். ஒவ்வொரு படியும் பல்லைக் காட்டியது. டீச்சர் பக்கத்தில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பூவராகன் சொன்னார்.

"டீச்சர், எனக்குப் பயமா இருக்கு. கை சும்மா இருக்க மாட்டேங்குது. அந்த உளுவையால மட்டும் எப்படி இப்படி நிக்க முடியுது?"

டீச்சர் நிமிர்ந்தார்.

"அதுக்குக் கை இல்லையே சார்."

பூவராகன் சும்மா இருந்த இன்னொரு கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, முதல் படியில் கால் வைத்தார்.